பூஜ்ஜியம் வரும்வரை

விடுகதை ஒன்று போடுகிறேன். கதவும் இல்லாத, சன்னலும் இல்லாத ஒரு வீடு. வாசல் எது என்று தெரியாமல் சுவரைச் சுற்றிச் சுற்றித் தட்டுகிறார்கள். தட்டத் தட்ட உள்ளேயிருந்து ‘ஆள் இல்லை’ என்று ஒரு குரல் வருகிறது. அது என்ன வீடு? விடை தெரிந்துவிட்டால் சத்தம்போட்டுச் சொல்லிவிடாதீர்கள், வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டாலும் குற்றமில்லை. ஆள் இல்லையென்றால் குரல் கொடுத்தது யார் என்று மட்டும் யோசித்துக்கொண்டே வாருங்கள்.

சுகந்தி நீச்சல்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். காலை வெயில்தான், ஆனாலும் சிமெண்டு அதற்குள் சுட்டது. பாளையங்கோட்டையில் மே மாதத்துச் சூரியன் எழுந்திருக்கும்போதே யார் மேலோ கோபத்தோடுதான் எழுந்திருக்கும். முந்தானைக்குள்ளே அவளுடைய வலது கையின் இரண்டு விரல்கள் இடது உள்ளங்கையின் ஓரத்தை, சுண்டுவிரலுக்குக் கீழே சதை திரண்ட இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. தட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. பயத்தையும் பழக்கத்தையும் இப்படித் தட்டியே போக்கலாம் என்று அவள் நடத்தும் வகுப்புக்கு வரும் பெண்களிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, “இதுதான் தலைவாசல், இங்கன தட்டிட்டுத்தான் உள்ள போகணும்” என்பாள். அப்புறம் புருவத்தின் ஆரம்பம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, தாடைக் குழி, காறையெலும்பு, அக்குளுக்குக் கீழே, கடைசியில் உச்சந்தலை. மழைத் தூறல் மாதிரி தட்ட வேண்டும், கதவைத் தட்டுகிற மாதிரி தட்டக்கூடாது. இதையும் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். குளத்துக்கு அந்தப் பக்கம் கோடைப் பயிற்சி முடிக்கும் பிள்ளைகள் நீலத் தொப்பியோடு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக இரும்பு ஏணியில் ஏறி மேல்பலகைக்குப் போய்க் குதிக்க வேண்டும், குதித்தவர்களுக்குப் பதக்கம். பலகை ஒரு மாடி உயரம் இருக்கும். ஒரு மாடி என்பது ஒன்றுமில்லை, இவர்கள் குடியிருக்கும் வீடே மாடிதான், அங்கிருந்து மகள் தாரணி தினமும் கீழே எட்டிப் பார்த்துக் கீரைக்காரியைக் கூப்பிடுகிறாளே, அதே உயரம்தான், கீழே தண்ணீர் இருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம், அந்த வித்தியாசத்தைத்தான் தட்டித் தட்டிப் பூஜ்ஜியம் ஆக்கியாயிற்றே. பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. தாரணி வரிசையின் கடைசியில் நின்றாள். ஒன்பது வயதுக்கு அவள் உயரம் குறைவு. தொப்பி பெரிதாக இருந்ததால் காதுகள் மடங்கித் தெரிந்தன. அவள் மட்டும் குளத்தைப் பார்க்காமல் முன்னால் நின்ற பையனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த பிள்ளைதான் தண்ணீரைப் பார்க்கும், பயமில்லாத பிள்ளை எதற்குப் பார்க்கவேண்டும் என்று சுகந்தி நினைத்தாள். நினைத்த உடனேயே, இல்லை, அது தலைகீழ், பயமில்லாத பிள்ளைதான் தண்ணீரைப் பார்க்கும் என்று இன்னொரு நினைப்பு வந்தது. விரல்கள் கொஞ்சம் வேகமாகத் தட்டின.

“டீச்சர், நம்ம பிள்ளை எதுக்குக் கடைசில நிக்கா?” என்று பக்கத்திலிருந்த கோமு கேட்டாள். கோமுவுக்கு ஐம்பது வயது. பச்சரிசி தின்னும் பழக்கத்தை விடுவதற்காகச் சுகந்தியிடம் வருகிறவள். கல்யாணமான நாளிலிருந்து கைக்குட்டையில் அரிசி முடிந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கொறித்துப் பல்லெல்லாம் தேய்ந்து போனவள். “அவளாப் போய் நின்னுருப்பா. கடைசி ஆளைத்தான எல்லாரும் பாப்பாங்க” என்றாள் சுகந்தி. பதில் நன்றாக வாய்த்தது. பின்படிகளில் உட்கார்ந்திருந்த வகுப்புப் பெண்கள் சிரிப்பதும் கேட்டது. அவர்களை வரச் சொன்னதே சுகந்திதான். வந்து பாருங்கள், தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே அலறிய பிள்ளை மேல்பலகையிலிருந்து குதிப்பதைக் கண்ணால் பாருங்கள் என்று. பயிற்சியாளர் எபனேசர் அதைக் கெடுக்கப் பார்த்தார். காலையில் வாசலிலேயே மறித்து, “அம்மா, பாப்பாவுக்கு இன்னைக்கு மேல்பலகை வேண்டாம். சின்னப் பலகைல குதிச்சாலும் பதக்கம் உண்டு. நீந்துதா, நல்லாவே நீந்துதா, ஆனா ஏணியத் தொட்டாலே கை சில்லுன்னு ஆயிருது” என்றார். கை சில்லென்று ஆவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். இரும்பு ஏணி, ஈரம், காலைக் காற்று. “அவளுக்குப் பயமே கிடையாது சார், நீங்களே கேளுங்க” என்றாள் சுகந்தி. அவர் குனிந்து, தொடைமேல் கையை ஊன்றிக்கொண்டு, “பயமா இருக்கா பாப்பா?” என்று கேட்டார். தாரணி அவரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “பூஜ்ஜியம்” என்றாள். எபனேசர் சிரித்துவிட்டார். “என்னத்தா இது, கணக்குப் பரிட்சை மார்க்கா?” அவருக்கு எப்படித் தெரியும். பத்து என்றால் உயிர்போகிற பயம், பூஜ்ஜியம் என்றால் பயமே இல்லை. ஒரு சுற்றுத் தட்டி முடித்ததும் இப்போது எவ்வளவு என்று கேட்க வேண்டும், சொல்லும் எண் குறைந்துகொண்டே வர வேண்டும், பூஜ்ஜியம் வரும்வரை விடக்கூடாது. கோயம்புத்தூர்க்கார அம்மா செல்போன் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். பாதியில் விட்டால் பயம் திரும்பி வரும்போது இரட்டிப்பாய் வரும் என்றாள். பாதியில் எதையும் விடுகிற வழக்கம் சுகந்திக்குக் கிடையாது. கேஸ் அடுப்பை அணைத்தோமா அணைத்தோமா என்று அவள் எழுந்து எழுந்து போய்த் திருகிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அதைத் தட்டித்தான் போக்கினாள். இப்போது அடுப்புப் பக்கம் போவதே இல்லை, படுத்தபடியே தட்டிக்கொள்கிறாள், அது வேறு, அது பழக்கமில்லை, பயிற்சி. எபனேசர் விசில் ஊதினார். முதல் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தான். தண்ணீர் கைதட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு எங்கோ கேட்ட சத்தம். எங்கே என்று நினைப்பு போகத் தொடங்கியதும் அதைப் பிடித்து இழுத்து வேறு பக்கம் திருப்பினாள். பிள்ளைக்குத் தட்டுவதை வகுப்புக்காக எடுத்த வீடியோவை நினைத்துக்கொண்டாள், அதுதான் நல்ல இடம். நாற்காலியில் தாரணி, இரட்டைச் சடை, மஞ்சள் பாவாடை. “எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் இருந்தாலும், என்னை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன்” என்று பள்ளிக்கூடத்து உறுதிமொழி மாதிரி கையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு சொல்லும் குழந்தை. அம்மாவின் விரல்கள் புருவத்திலிருந்து ஆரம்பித்து இறங்குகின்றன. இப்ப எவ்வளவு? எட்டு. இப்ப? அஞ்சு. இப்ப? ரெண்டு. இப்ப? பூஜ்ஜியம். தெருவெல்லாம் பார்த்தார்கள் அந்த வீடியோவை, சங்கரன்கோவிலிலிருந்துகூட ஆள் தேடி வந்தது. எட்டு, அஞ்சு, ரெண்டு, பூஜ்ஜியம். பல்லியைப் பற்றித் தட்டியபோதும் அதேதான், எட்டு, அஞ்சு, ரெண்டு, பூஜ்ஜியம். நகம் கடிப்பதற்குத் தட்டியபோதும், தூக்கத்தில் படுக்கை நனைவதற்குத் தட்டியபோதும், பதினாறாம் வாய்ப்பாட்டை மறந்துவிடுகிற பயத்துக்குத் தட்டியபோதும். ஒரு தடவையாவது ஏழு வந்திருக்கலாம். ஒரு தடவையாவது அஞ்சிலிருந்து ஆறுக்கு ஏறியிருக்கலாம், கோமுவுக்கெல்லாம் ஏறுகிறதே. வாய்ப்பாடு மறந்துவிடும் என்று பயந்த பிள்ளை இந்த வாய்ப்பாட்டை மட்டும் மறக்கவே இல்லை. அது அவளுக்கு எப்போது தெரிந்தது? இப்போதுதான் தெரிந்தது. இல்லை, வீடியோ எடுத்த அன்றே தெரியும். இல்லை, தெரியவில்லை. தெரிந்திருந்தால் எடுத்திருக்கமாட்டாளே. ஒரே மாதிரி எண் வருவது பிள்ளையின் மனம் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அடையாளம், அலைகிற மனம் உள்ளவர்களுக்குத்தான் எண் கூடிக் குறையும். இந்த விளக்கத்தை அவள் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறாள், எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். ஏணிக் கம்பியில் இன்னொரு பையனின் ஈரக் கால் வழுக்கி அவன் சமாளித்துக்கொண்டான். வரிசை ஓர் அடி நகர்ந்தது, தாரணியும் ஓர் அடி நகர்ந்தாள்.

முதன்முதலில் தட்டிய சாயங்காலத்தில் மட்டும் எண் வேறு. அன்று தாரணி ஏழில் நின்றுவிட்டாள். எத்தனை சுற்று போனாலும் ஏழு. வெளியே பால்காரன் மணி அடித்துவிட்டுப் போய்விட்டான், குக்கர் தானாக அடங்கியது, விளக்குப் போடவில்லை, “இப்ப எவ்வளவு?” “ஏழும்மா.” “நல்லா யோசிச்சுச் சொல்லு.” “ஏழு.” தூறல் மாதிரி தட்டிக்கொண்டிருந்த விரல் எந்தச் சுற்றில் கதவைத் தட்டுகிற மாதிரி மாறியது என்று சுகந்திக்குத் தெரியாது. “உனக்கு நல்லாவணும்னு எண்ணமே கிடையாது. பயத்தப் பிடிச்சு மடில வச்சுக் கொஞ்சுத. உன் வயசுப் பிள்ளைங்க ஆத்துல அக்கரை வரை போவுது, நீ வாளித் தண்ணியப் பாத்து மூத்திரம் போவுத, வெக்கமா இல்ல?” என்று கேட்டதும் நினைவிருக்கிறது. கேட்டது அன்பினால்தான், அன்பில்லாதவள் இவ்வளவு நேரம் கைவலிக்கத் தட்டுவாளா? மறுநாள் பள்ளிக்கூடத்தில், கண்ணுக்குக் கீழே ஏன் சிவந்திருக்கிறது என்று டீச்சர் கேட்டிருக்கிறார்கள். “தட்டினோம்” என்று சொல்லியிருக்கிறாள் பிள்ளை. தட்டினோம். அம்மா தட்டினாள் என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த சாயங்காலம் எட்டு, அஞ்சு, ரெண்டு, பூஜ்ஜியம். சுகந்தி அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, பிரிட்ஜிலிருந்து குல்பி எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை குல்பியைத் தின்றுகொண்டே அம்மாவின் விரல்களையே பார்த்தது.

ஆனால் அந்த முதல் சாயங்காலத்தில் ஏழுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. நினைப்பு அங்கே போய் முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றுகொண்டது. இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நடக்க முடியாது. பயத்துக்குச் சரியான பெயர் வைக்க வேண்டும், அதுதான் இந்த முறையில் பாதி வேலை. “உங்க பயத்துக்கு நீங்கதான் பேரு வைக்கணும். தப்பான பேரச் சொல்லித் தட்டினா அடுத்த வீட்டுக் கதவத் தட்டின கதைதான், நம்ம ஆளு எந்திரிச்சு வரமாட்டான்” என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். அன்று தாரணியிடமும் கேட்டாள். “கண்ண மூடு. உன் பயத்துக்கு என்ன பேரு? மனசுல முதல்ல வாரதச் சொல்லு.” பிள்ளை யோசிக்கவே இல்லை. “அம்மா கைய விட்டுட்டா” என்றாள். சுகந்திக்கு ஒரு நொடி காது அடைத்தது. பிறகு சிரித்தாள். “அது பேரில்ல கண்ணு. தண்ணிப் பயம். தண்ணிப் பயம்னு சொல்லு.” “தண்ணிப் பயம்” என்றாள் தாரணி. அவ்வளவுதான், பெயர் வைத்தாயிற்று, தட்ட ஆரம்பித்தார்கள். கோமு கைக்குட்டையை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. யாரும் கையை விடவில்லை. குறுக்குத்துறைப் படித்துறை பாசி பிடித்த இடம், ஆற்றில் தண்ணீர் கூடுதல், அப்போது பிள்ளைக்கு ஐந்து வயது. இருவரும்தான் வழுக்கினார்கள். வழுக்கும்போது கை தானாக எதையாவது பிடிக்கும், அது உடம்பு செய்கிற வேலை, மனசு செய்கிற வேலை இல்லை. அவள் கை படித்துறைக் கல்லைப் பிடித்தது. கல்லைப் பிடிக்க ஒரு கை போதாது, இரண்டும் வேண்டியிருந்தது. இரண்டாவது கையில் என்ன இருந்தது என்று அப்போது யோசிக்க நேரமில்லை. பிள்ளையின் விரல்கள் இவள் விரல்களைச் சுற்றி இறுகியிருந்தன, அதை உதற வேண்டியிருந்தது. உதறவில்லை. நழுவியது. ஈரக் கை நழுவும். தண்ணீர் கைதட்டுகிற மாதிரி ஒரு சத்தம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் குதித்துத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிப்போட்டாள். தூக்கிப்போட்டுவிட்டு, “நல்லா இருக்கே, கல்லக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்க!” என்றாள். வேறு ஊர்க்காரி, பிறகு பார்க்கவேயில்லை. வீட்டில், கால் வழுக்கிப் பிள்ளை விழுந்துவிட்டாள் என்றுதான் சொன்னார்கள். சொன்னார்கள் என்றால், சுகந்தி சொன்னாள், தாரணி பக்கத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள்.

“ஏறுதா, ஏறுதா” என்று பின்னால் பெண்கள் பரபரத்தார்கள். தாரணி ஏணியில் கால் வைத்திருந்தாள். ஒவ்வொரு கம்பியையும் இரண்டு கையாலும் பிடித்து, பிடித்தது சரியா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்ததற்குப் போனாள். அது கேஸ் அடுப்பைத் திருகிப் பார்ப்பது போலவே இருந்தது. எபனேசர் விசிலை ஊதவில்லை, பனியனைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் பலகைக்கு நேர்கீழே மிதந்தபடி நின்றுகொண்டார். மற்ற பிள்ளைகளுக்கு அவர் இறங்கவில்லை. அதைச் சுகந்தி கவனித்தாள், மற்றவர்களும் கவனித்திருப்பார்களோ என்று எரிச்சல் வந்தது. கோமு ஒரு சிட்டிகை அரிசியை வாயில் போட்டுக்கொண்டாள். “என்னக்கா இது? போன வாரம்தான பூஜ்ஜியம்னு சொன்னிய” என்றாள் சுகந்தி. கோமு கைக்குட்டையை மறைக்கக்கூட இல்லை, தேய்ந்த பல் தெரியச் சிரித்தாள். “அதுவா டீச்சர்? நீங்க விடுத மாதிரியே தெரியல. எனக்கானா உலை வைக்கணும், அவுக சாப்பாட்டுக்கு வந்துருவாக. நாலுன்னா இன்னொரு சுத்துன்னு சொல்லுதிய, மூணுன்னா இன்னொண்ணுங்கிய. பூஜ்ஜியம்னா எந்திரிச்சுப் போலாம்லா? அதான் சொல்லிட்டேன். இங்க எல்லாவளும் அப்படித்தான். கோவிச்சுக்கிடாதிய.” பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், இன்னொருத்தி, “சும்மா கெட மதினி” என்று கோமுவின் தோளில் இடித்தாள். சுகந்தியின் விரல்கள் நின்றன. பூஜ்ஜியம் என்றால் எழுந்து போகலாம். மேலே தாரணி பலகையின் நடுவில் நின்றாள். அங்கேயிருந்து எழுந்து போக வழியில்லை. சொல்லவேண்டிய எண்ணை அவள் காலையிலேயே சொல்லிவிட்டாள், அதற்குக் கீழே சொல்ல வேறு எண் கிடையாது.

தாரணி நகரவில்லை. கூப்பிட்டு இறக்கிவிடலாம், ஒரு வார்த்தை போதும். கூப்பிட்டால் பின்னால் இருக்கிற பெண்கள் நாளையிலிருந்து வரமாட்டார்கள். ஏற்கெனவே பொய்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள், வராவிட்டால் என்ன. இல்லை, கூப்பிட்டால் வீடியோ பொய்யாகிவிடும். குதித்துவிட்டாள் என்றால் எல்லாம் உண்மையாகிவிடும், பிள்ளை பொய்யே சொல்லியிருந்தாலும் குதித்துவிட்டால் அது பொய்யில்லை, ஒரு நொடிதான், கீழே ஆள் இருக்கிறார், நீந்தத் தெரியும், குதி, தாரு, குதித்துவிடு. எபனேசர் தண்ணீரிலிருந்து அண்ணாந்து கூப்பிட்டார். “பாப்பா, அவசரமே இல்ல. வேணும்னா குதி, சார் இங்கனதான் இருக்கேன். வேண்டாம்னா ஏணில இறங்கிரு. ரெண்டுக்கும் ஒரே பதக்கந்தான். உன் இஷ்டம்.” உன் இஷ்டம். அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொன்னதில்லை என்பது போலத் தாரணி குனிந்து அவரைப் பார்த்தாள், முதல்தடவையாகத் தண்ணீரையும் பார்த்தாள். சுகந்தி எழுந்துவிட்டாள். எப்போது எழுந்தாள், எப்போது செருப்பைக் கழற்றினாள், ஈரத் தரையில் எப்படி வழுக்காமல் ஓடினாள் என்று தெரியவில்லை. ஏணியின் அடியில் நின்று ஒரு கம்பியில் கால் வைத்து ஏறி, கையை மேலே நீட்டினாள். “தாரு, இறங்கி வா. வேண்டாம்டா. அம்மா இருக்கேன், அம்மா கையப் பிடிச்சுக்கோ.” “பயமா இருக்குன்னு சொல்லு, ஒண்ணும் சொல்லமாட்டேன். உண்மையச் சொல்லு, இப்ப எவ்வளவு?” தாரணி பலகையின் பின்னோரத்துக்கு வந்து குனிந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்தாள். அதை அப்படியே அளவெடுப்பது போலப் பார்த்தாள். சுகந்தியும் தன் கையை அப்போதுதான் பார்த்தாள். அது விரிந்திருக்கவில்லை. பெருவிரலும் மற்ற விரல்களும் மடங்கியிருக்க, இரண்டு விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து விறைத்து, தட்டுவதற்குத் தயாராக மேலே நீண்டிருந்தன. விரிக்க முயன்றாள். இன்னொரு கையால் கம்பியை இறுகப் பிடித்திருந்ததால் உடம்பெல்லாம் இறுகிப்போயிருந்தது, விரல்கள் விரியவில்லை.

“பூஜ்ஜியம்மா” என்றாள் தாரணி, வீட்டில் சொல்லும் அதே குரலில்.

ஏணிப் பக்கம் அம்மாவின் கை இருந்தது. மறுபக்கம் தண்ணீர் இருந்தது. தாரணி திரும்பி நடந்து போய்த் தண்ணீரில் குதித்தாள்.